வாப்பா சொன்ன கப்பல்: அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் மூளை தடுமாறும்போது

“நீதானே என்னைக் கப்பல்காரனுக்கு வித்த?”

எனது வாப்பா என் தம்பியைப் பார்த்து இப்படிக் கேட்டபோது, அவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டு ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. தம்பி ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே வந்தான். வைத்தியசாலை நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதன் பிறகு நான்கு நாட்கள் அவன் உள்ளே போகவே இல்லை.

வாப்பாவுக்கு வயது 68. வேளாண்மை செய்பவர். விதைப்புக் காலத்தில் வயலில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு, ஊரிலிருந்து பல மணித்தியாலப் பயணத் தூரத்திலுள்ள பெரிய வைத்தியசாலையொன்றுக்கு மாற்றினார்கள். ஆறு நாட்கள் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருந்தார். ஏழாம் நாள் தொண்டைக் குழாயைக் கழற்றியதும், ஆபத்து நீங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று ஊருக்கெல்லாம் தகவல் சொன்னோம். அடுத்த நாள் பார்க்கப் போனால், கட்டிலில் கிடந்தவர் எங்கள் வாப்பா மாதிரி இல்லை.

தான் இருப்பது ஆஸ்பத்திரி அல்ல, கப்பல் என்றார். கப்பலின் அடித்தட்டில் தன்னைக் கட்டிப் போட்டிருப்பதாகச் சொன்னார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையை நீட்டிக் காட்டினார். சேலைன் குழாயை இரண்டு தடவை பிடுங்கியதால் அவரது கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். “ஊட்ட போவம் மகள், இவனுகள் இரவைக்கு என்னைக் கடல்ல போடப் போறானுகள்” என்று கெஞ்சினார். பகலில் கொஞ்சம் தெளிவாகப் பேசுவார். மஃரிப் ஆனால் மீண்டும் கப்பல் வந்துவிடும்.

நான் வைத்தியரல்ல. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஓர் ஆசிரியை. ஆனால் அந்த நாட்களில் எங்களுக்கு யாராவது கால் மணித்தியாலம் இருந்து விளங்கப்படுத்தியிருந்தால், ஒரு குடும்பம் பட்ட வேதனையில் பாதி குறைந்திருக்கும். பிற்பாடு வாசித்தும் வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். எழுதலாமா என்று வாப்பாவிடம் அனுமதி கேட்டேன். “எழுதுங்க மகள், மத்தவங்க பயப்படாம இருக்கட்டும்” என்றார்.

நாங்கள் நினைத்த மூன்று காரணங்கள்

வைத்தியசாலை வாசலில் நின்ற எங்கள் சொந்தக்காரர்களிடம் மூன்று விளக்கங்கள் இருந்தன. முதலாவது, நோய் மூளைக்கு ஏறி வாப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பது. இரண்டாவது, ஜின்னின் வேலை என்பது. ஓதிப் பார்க்கும் ஒருவரைக் கூட்டிவர வாகனம்கூடப் பேசியாயிற்று. மூன்றாவது, இது மௌத்து நெருங்கும் அடையாளம் என்பது. அதனால் ஒருநாள் உள்ளே போன மாமி, வாப்பாவின் காதருகே கலிமாவைச் சொல்லிக் கொடுத்தார். வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமி வெளியே வந்து அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. ஐந்து நேரமும் ஜமாஅத்தோடு தொழுத மனிதன் கலிமாவைக் கேட்டு முகத்தைத் திருப்புகிறாரே என்று எல்லோரும் உள்ளுக்குள் நொறுங்கிப் போனோம்.

மூன்றுமே தவறு. வாப்பாவுக்கு வந்ததற்கு வைத்தியத்தில் டெலிரியம் என்று பெயர். எமது மூத்தவர்களுக்கு அது தெரியாத ஒன்றல்ல. கடும் காய்ச்சலில் பிதற்றுபவரைப் பார்த்து “சன்னி கண்டுவிட்டது” என்பார்களே, அதுதான். டெலிரியம் என்ற இலத்தீன் சொல்லின் வேர், உழவுச்சாலை விட்டு விலகிப் போவது என்ற பொருளுடையது. ஏர் தன் சாலை விட்டுத் தடம் மாறுவதுபோல மூளை சில நாட்களுக்குத் தன் தடத்தை விட்டு விலகுகிறது. இது மனநோய் அல்ல. முதுமையில் மெதுவாக வரும் மறதி நோயும் அல்ல. இருதயம், சிறுநீரகம், நுரையீரல் ஆகியன கடும் நோயில் செயலிழப்பதுபோல மூளையும் தற்காலிகமாகச் செயலிழப்பதுதான் இது.

இதை இனங்காண மூன்று விடயங்களைக் கவனிக்கலாம். ஒன்று, திடீரென வரும். சில மணித்தியாலங்களில் அல்லது ஓரிரு நாட்களில் ஆள் மாறிவிடுவார். இரண்டு, ஏறி இறங்கும். காலையில் தெளிவாக இருப்பவர் இரவில் குழம்புவார். மூன்று, கவனத்தை ஒரு விடயத்தில் நிறுத்த முடியாது. நாம் பேச ஆரம்பித்த வசனம் முடிவதற்குள் அவர் வேறெங்கோ போய்விடுவார்.

கவனம் என்னும் வாசல்

இந்த மூன்றாவது விடயம்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கல்வி உளவியல் கற்பித்த விரிவுரையாளர், கவனம் என்பது வாசல், அது மூடியிருந்தால் ஞாபகமும் விளக்கமும் உள்ளே போகாது என்று அடிக்கடி சொல்வார். வகுப்பில் கவனமில்லாத பிள்ளையிடம் கேள்வி கேட்டால், தெரிந்த விடையையும் தவறாகச் சொல்லும். பிள்ளைக்கு அறிவில்லை என்று அதற்குப் பொருளல்ல.

வைத்தியர்களும் டெலிரியத்தை இந்த வாசலில் நின்றுதான் பரிசோதிக்கிறார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெஸ்லி ஈலி என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் 2001 இல் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளர்களுக்கென ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். ஷரோன் இனூயே என்ற வைத்தியர் 1990 இல் சாதாரண விடுதி நோயாளர்களுக்காக உருவாக்கிய முறைதான் அதற்கு அடிப்படை. தொண்டையில் குழாய் இருப்பவரால் பேச முடியாது. ஆகவே தாதி நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒரு குறிப்பிட்ட எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் பிழை விட்டால் கவனம் குலைந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு, கல் தண்ணீரில் மிதக்குமா, கடலில் மீன் இருக்கிறதா என்பன போன்ற எளிய கேள்விகள். ஆம், இல்லை என்று தலையசைத்தால் போதும். இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை இது.

பிறகொரு நாள் வாப்பா ஓரளவு தெளிவாக இருக்கையில், கிழமை நாட்களைப் பின்னிருந்து சொல்லச் சொன்னேன். “சனி, வெள்ளி...” என்று தொடங்கியவர் அங்கேயே நின்றுவிட்டார். பள்ளிவாசல் கணக்கை மனதால் கூட்டிச் சொன்ன மனிதர். அப்போதுதான் இது பிடிவாதமும் அல்ல, வெறுப்பும் அல்ல என்பது எனக்கு உறைத்தது. மாமி சொன்ன கலிமா அவருடைய காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

அமைதியாக இருப்பவரையும் கவனியுங்கள்

வாப்பாவைப்போல் கத்துபவர்களையும் குழாயைப் பிடுங்குபவர்களையும் எல்லோரும் கவனிப்பார்கள். ஆனால் டெலிரியம் வந்தவர்களில் பலர் சத்தமே போடுவதில்லை. கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல், எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்து கிடப்பார்கள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஓயாது கத்தும் வகையைவிட இந்த அமைதியான வகையே அதிகம். கத்தலும் சோர்வும் மாறி மாறி வரும் கலப்பு வகையும் உண்டு. அமைதியாகக் கிடப்பவரைப் பார்த்து “நல்லா தூங்குறார், தொந்தரவு செய்யாதீங்க” என்று நாம் சொல்லிவிடுகிறோம். அதனால் அது கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. உங்கள் உறவினர் வழமையைவிடச் சோர்ந்து, முகம் பார்க்காமல், பேச்சுக்குப் பதிலில்லாமல் இருந்தால் அதையும் தாதியிடம் சொல்லுங்கள். அவருடைய வழமை எது என்பது குடும்பத்தாருக்குத்தான் தெரியும்.

ஏன் இப்படி நடக்கிறது?

எமது உடல் நிறையில் மூளை சுமார் 2 வீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறக்குறைய 20 வீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே உடலில் எங்கு குறை ஏற்பட்டாலும் மூளைக்கு உடனே தெரியும். இரத்தத்தில் கிருமித் தொற்று பரவும்போது, அதை எதிர்க்க உடல் வெளியிடும் அழற்சிப் பொருட்கள் மூளையையும் தொந்தரவு செய்கின்றன. மூளைக்குள் கண்டதும் புகாமல் தடுக்கும் இரத்தக்குழாய்ச் சுவரின் காவலும் அப்போது தளர்ந்துவிடுகிறது. சிறுநீரகமோ ஈரலோ வேலை செய்யாவிட்டால் கழிவுகள் தேங்குகின்றன. சோடியம், சீனி ஆகியவற்றின் அளவு கூடிக் குறைகிறது. நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் இரசாயனங்களின் சமநிலை குலைகிறது.

இதற்கு மேலாக மருந்துகள். குழாய் போட்டிருப்பவரைத் தாங்க வைப்பதற்கு மயக்க மருந்து தேவைதான். ஆனால் மிடாசோலம், லோராசெபாம் போன்ற பென்சோடயசெபீன் வகை மருந்துகள் டெலிரியத்தின் அபாயத்தைக் கூட்டுகின்றன என்பது இப்போது நன்கு அறியப்பட்ட விடயம். அதனால்தான் இயன்றவரை அவற்றைத் தவிர்க்குமாறு 2018 இல் வெளியான சர்வதேச வழிகாட்டல்கள் கூறுகின்றன.

மூன்றாவது, அந்த இடம். இருபத்துநான்கு மணித்தியாலமும் எரியும் வெளிச்சம், இயந்திரங்களின் ஓயாத மணிச்சத்தம், நள்ளிரவில் இரத்தம் எடுக்க எழுப்புதல், கதவும் ஜன்னலும் தெரியாத மூலை. இரவா பகலா என்று நோயாளிக்குத் தெரிவதில்லை. வயது முதிர்ந்தவர்கள், ஏற்கனவே மறதி உள்ளவர்கள், பார்வையும் செவிப்புலனும் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அபாயம் அதிகம்.

இப்போது வாப்பாவின் கப்பலை யோசித்துப் பாருங்கள். காற்று மெத்தை அவ்வப்போது அசைகிறது. இயந்திரம் கப்பல் என்ஜின்போல இரைகிறது. கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. கண்ணாடி இல்லாததால் முகங்கள் மங்கலாகத் தெரிகின்றன. சுற்றிலும் விளங்காத மொழியில் பேச்சு. தடம் மாறிய மூளை, கிடைத்த துண்டுகளை வைத்து ஒரு கதையைக் கட்டிக்கொண்டது. நாம் அதைப் பிதற்றல் என்கிறோம். அவருக்கு அது கண்ணால் கண்ட உண்மை.

எவ்வளவு பேருக்கு வருகிறது?

எங்களுக்கு மட்டும்தான் இப்படியோர் அவமானம் என்று நினைத்திருந்தோம். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் சுவாசச் செயலிழப்பு அல்லது அதிர்ச்சி நிலையுடன் அனுமதிக்கப்பட்ட 821 பேரைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று 2013 இல் வெளியானது. அவர்களில் 74 வீதமானோருக்கு வைத்தியசாலையில் டெலிரியம் வந்திருந்தது. நான்கு பேரில் மூன்று பேர்!

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. ஒரு வருடத்தின் பின்னர் சோதித்தபோது, 34 வீதமானோரின் சிந்தனைத் திறன் நடுத்தர அளவு தலைக்காயம் பட்டவர்களின் மட்டத்தில் இருந்தது. 24 வீதமானோரின் புள்ளிகள் ஆரம்பநிலை அல்சைமர் நோயாளரின் மட்டத்துக்கே இறங்கியிருந்தன. முதியவர்களில் மட்டுமன்றி இளையவர்களிலும் இது காணப்பட்டது. டெலிரியம் நீடித்த நாட்கள் கூடக் கூடப் பாதிப்பும் கூடியது. எனவே “காய்ச்சல் விட்டால் தானாகச் சரியாகும்” என்று விட்டுவிடக்கூடிய விடயம் அல்ல இது.

அதிதீவிர சிகிச்சை என்பதே மிகப் பழையதல்ல. 1952 இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற வைத்தியரின் யோசனைப்படி மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவு பகலாகக் கையால் காற்றுப்பையை அழுத்தி நோயாளர்களுக்குச் சுவாசம் கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தப் பிரிவு. பின்னர் இயந்திரங்கள் வந்தன. நோயாளி அசையாமல் உறங்குவதே நல்லது என்ற எண்ணமும் அவற்றோடு வேரூன்றியது. உயிரைக் காப்பதில் முழுக் கவனமும் இருந்ததால் மூளையைப் பற்றி நீண்ட காலம் பலர் கேட்கவில்லை.

மருந்து உண்டா?

எங்கள் முதல் கேள்வி இதுதான். 2018 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் டெலிரியம் வந்த 566 நோயாளர்களில் சிலருக்கு ஹெலோபெரிடோல், சிலருக்கு சிப்ரசிடோன், மற்றவர்களுக்கு வெற்று மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். டெலிரியம் நீடித்த காலத்தில் வித்தியாசம் இருக்கவில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் அளவுக்கு ஒருவர் பதறும்போது அவரை அமைதிப்படுத்த மருந்து தேவைப்படலாம். ஆனால் டெலிரியத்தைக் குணமாக்கும் குளிசை என்று ஒன்று கிடையாது.

பயன் தருவது சிறு சிறு காரியங்களின் சேர்க்கைதான். மயக்க மருந்தைத் தினமும் ஒரு தடவை நிறுத்தி நோயாளியை விழிக்க வைப்பது அதிலொன்று. 2000 ஆம் ஆண்டில் சிக்காகோவில் 128 பேரில் செய்த ஆய்வில், இவ்வாறு விழிக்க வைத்தவர்கள் இயந்திரத்தில் இருந்த இடைநிலைக் காலம் 7.3 நாட்களிலிருந்து 4.9 நாட்களாகக் குறைந்தது. வலியைச் சரியாகத் தணிப்பது இன்னொன்று. சீக்கிரமாக எழுப்பி உட்கார வைத்து, கை கால்களை இயக்குவது மற்றொன்று. 104 பேரில் செய்யப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வில், ஆரம்பத்திலேயே உடற்பயிற்சி அளிக்கப்பட்டவர்களுக்கு டெலிரியம் 4 நாட்களுக்குப் பதிலாக 2 நாட்களே நீடித்தது. இவற்றோடு இரவில் உறக்கம், அடிப்படை நோய்க்கான சிகிச்சை, கடைசியாகக் குடும்பத்தாரின் பங்கு.

ஒரு கண்ணாடியும் ஓர் அட்டையும்

எங்கள் வழியைத் திறந்து வைத்தவர் ஒரு சிங்களத் தாதி. பத்தாம் நாள் பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், “வாப்பா கண்ணாடி இல்லே?” என்று கேட்டார். கண்ணாடியும் பொய்ப்பல்லும் வீட்டு அலுமாரியில் பத்திரமாக இருந்தன! தொலைந்துவிடும் என்று நாங்கள்தான் கழற்றி அனுப்பியிருந்தோம். பின்னர் அவர் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார்: இது வழமையாக நடப்பது, பயப்பட வேண்டாம், இரவில் அவர் ஏதோ கேட்கிறார், எங்களுக்குத்தான் விளங்கவில்லை, என்ன சொன்னால் அவர் அமைதியாவார் என்று சொல்லுங்கள்.

அன்றிரவு நான் ஆசிரியை செய்யும் வேலையைச் செய்தேன். ஒரு தடித்த அட்டையில் ஆறு தமிழ் வசனங்களைச் சிங்கள எழுத்தில் எழுதினேன். “வாப்பா, இது ஆஸ்பத்திரி.” “உங்களுக்குக் காய்ச்சல், இப்ப சுகமாகுது.” “வலிக்குதா?” “இப்ப இரவு, தூங்குங்க.” “மகள் நாளைக்குப் பின்னேரம் வருவா.” “பயப்பட வேணாம்.” மறுநாள் அதைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினார்கள். இரவுக் கடமையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்து வாசித்தார்கள். உச்சரிப்பு எப்படி இருந்திருக்குமோ தெரியாது. ஆனால் “வாப்பா” என்ற சொல் அந்தக் கப்பலுக்குள் கேட்டது. கண்ணாடி வந்து, தொற்றும் குறைந்து, மூன்றாம் நாள் கையின் கட்டை அவிழ்த்தார்கள். அட்டைதான் குணமாக்கியது என்று சொல்ல மாட்டேன். மருந்தும் வேலை செய்தது, நாளும் கடந்தது. ஆனால் அவரை எவரும் விற்கவில்லை என்று அவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல ஆள் கிடைத்தது.

அந்த அனுபவத்திலிருந்தும் வாசித்ததிலிருந்தும் குடும்பத்தார் செய்யக்கூடியவற்றைத் தொகுத்துத் தருகிறேன். வைத்தியர், தாதியரின் அனுமதியோடு செய்யுங்கள்.

1. மூக்குக்கண்ணாடி, செவிப்புலன் கருவி, பொய்ப்பல் ஆகியவற்றைக் கொண்டுபோய்ப் பெயரெழுதிக் கொடுங்கள். 1999 இல் வெளியான ஆய்வொன்றில், 70 வயதைக் கடந்த சாதாரண விடுதி நோயாளர்களுக்குக் கண்ணாடி, செவிப்புலன் கருவி, உறக்கம், நீர், நடமாட்டம் ஆகியவற்றைக் கவனித்ததாலேயே டெலிரியம் 15 வீதத்திலிருந்து 9.9 வீதமாகக் குறைந்தது.

2. ஒவ்வொரு தடவையும் உங்கள் பெயரையும் உறவையும் சொல்லி ஆரம்பியுங்கள். இன்று என்ன கிழமை, எந்த நேரம், அவர் எங்கே இருக்கிறார், ஏன் இருக்கிறார் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். இயலுமானால் கண்ணில் படும்படி ஒரு மணிக்கூடும் நாட்காட்டியும் வையுங்கள்.

3. அவர் சொல்வதோடு வாதாடாதீர்கள். “கப்பலுமில்ல ஒண்டுமில்ல, விசர்க்கதை பேசாதீங்க” என்று நான் முதலில் சொன்னேன். அவர் மேலும் பதறினார். ஆமாம், கப்பல்தான் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். “நீங்க பயந்திருக்கீங்க, நான் பக்கத்துல இருக்கன்” என்பது போதும்.

4. ஒருவராகப் பேசுங்கள், மெதுவாகப் பேசுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழக்கமான குரலில் அவர் வழமையாகக் கேட்கும் சூறாவைத் தாழ்ந்த சத்தத்தில் ஓதலாம். ஊர்ச் செய்தி, வயல், பேரப்பிள்ளைகள் பற்றிக் கதைக்கலாம். குடும்பச் சண்டையை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

5. நோய்க்கு முன் அவர் எப்படி இருந்தார், என்ன மருந்து எடுத்தார், உறக்க மாத்திரை பாவித்தாரா, மறதி இருந்ததா என்பதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். வெற்றிலை, சிகரெட், போதைப்பொருள் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைப்பது சிகிச்சையைக் குழப்பும்.

6. இந்நிலையில் உள்ளவரிடம் காணி உறுதியிலோ வேறு பத்திரத்திலோ கையொப்பமோ கைநாட்டோ வாங்காதீர்கள்.

பார்வையாளர் நேரம்

எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை, பத்து நிமிடங்கள்தான் அனுமதி கிடைத்தது. தொற்று அபாயமும் இட நெருக்கடியும் இருப்பதை மறுக்கவில்லை. கூட்டமாகப் போய் வாசலை அடைப்பதும் எம்மவர்களின் தவறுதான். ஆனாலும் யோசிக்க வேண்டிய தகவல்கள் உள்ளன. கொவிட் காலத்தில் 14 நாடுகளில் 2088 நோயாளர்களைப் பற்றிச் செய்த ஆய்வில் 55 வீதமானோருக்கு டெலிரியம் வந்தது. நேரிலோ காணொளி அழைப்பிலோ குடும்பத்தாரைக் கண்டவர்களுக்கு அபாயம் குறைவாக இருந்தது. அதேவேளை, பிரேசிலின் 36 அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பார்வையாளர் நேரத்தை நாளுக்கு 12 மணித்தியாலம் வரை கூட்டிப் பார்த்த ஆய்வு 2019 இல் வெளியானது. அதில் டெலிரியம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. ஆக, பக்கத்தில் இருப்பது மட்டும் மந்திரமல்ல. நோயாளியை விழிக்க வைத்தல், எழுப்பி இயக்குதல் ஆகியவற்றோடு சேரும்போதே அதற்கு அர்த்தமுண்டு. பத்து நிமிடம் தந்தாலும் அந்தப் பத்து நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு துண்டுப் பிரசுரம், மூன்று மொழிகளிலும், வாசலில் இருந்தால் எவ்வளவு நல்லது! மொழி தெரியாத நோயாளியிடம் அவருக்கு விளங்காத மொழியில் கேள்வி கேட்டுவிட்டு, பதில் இல்லை என்பதால் குழப்பத்தில் இருக்கிறார் என்று எழுதிவிடவும் முடியும். குழப்பத்தில் இருப்பவரை மொழிப் பிரச்சினை என்று விட்டுவிடவும் முடியும்.

ஓதிப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. நோயாளிக்காக துஆ கேட்பதையும் ஓதுவதையும் யாரும் தடுக்கவில்லை. நாங்களும் ஓதினோம். ஆனால் ஜின் என்று முடிவு கட்டிவிட்டால், ஒட்சிசன் குறைந்ததா, சோடியம் இறங்கியதா, புதிய தொற்று வந்ததா என்று கேட்க மறந்துவிடுவோம். திடீர்க் குழப்பம் என்பது உடலுக்குள் ஏதோ ஒன்று பிழைத்திருக்கிறது என்ற அறிவிப்பாகவும் இருக்கலாம். சுயபுத்தி நீங்கிய நிலையில் உள்ளவர்மீது குற்றம் இல்லை என்பது சிறுவயதில் மத்ரஸாவில் நாம் எல்லோரும் கற்ற பாடம். கலிமாவுக்கு முகம் திருப்பினார் என்று அழுத மாமிக்கு இதைச் சொன்னபோதுதான் அவரது மனம் ஆறியது.

வீடு வந்த பிறகு

வாப்பா வீடு திரும்பினார். நோய் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் அவர் இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. உரக் கணக்கில் தடுமாறினார். தொழுகையில் எத்தனை ரக்அத் என்று மறந்து, பக்கத்தில் ஒருவரை நிற்கச் சொன்னார். தம்பி வந்தால் முகம் பார்க்காமல் இருந்தார். தம்பியும் வருவதைக் குறைத்துக்கொண்டான். உம்மா நடுவில் கிடந்து தவித்தார்.

அதிதீவிர சிகிச்சைக்குப் பின் வரும் இத்தகைய சிந்தனைத் தடுமாற்றம், பயம், மனச்சோர்வு, தசை பலவீனம் ஆகியவற்றுக்கு வைத்திய உலகம் 2012 முதல் ஒரு தனிப்பெயர் வழங்கி வருகிறது. அதிதீவிர சிகிச்சைக்குப் பிந்திய நோய்க்குறித் தொகுதி என்று அதைச் சொல்லலாம். பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்தாருக்கும் அந்தப் பாதிப்பு வரலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். டென்மார்க், சுவீடன், நோர்வே போன்ற நாடுகளில் தாதியரும் குடும்பத்தாரும் நோயாளிக்காக ஒரு நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உண்டு. இன்று குழாய் போட்டோம், இன்று மகன் வந்தார், இன்று காய்ச்சல் இறங்கியது என்று எளிய வசனங்கள். பிற்பாடு நோயாளி அதை வாசித்து, தன் நினைவிலுள்ள பயங்கரக் காட்சிகளுக்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்கிறார்.

எங்களிடம் நாட்குறிப்பு இல்லை. ஆனால் என் தொலைபேசியில் குடும்பக் குழுவுக்கு நான் தினமும் அனுப்பிய செய்திகள் இருந்தன. மூன்று மாதங்களின் பின் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, வாப்பா தயங்கித் தயங்கி, “மகள், அந்தக் கப்பல் எங்க போய் நிண்டது?” என்று கேட்டார். அத்தனை நாளும் அது உண்மையில் நடந்ததாகவே அவர் உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளின் செய்தியையும் திகதியோடு வாசித்துக் காட்டினேன். அவரை இங்கே மாற்றிய நாள் அம்பியூலன்ஸில் கூடவே வந்தது தம்பிதான் என்ற செய்தியும் அதில் இருந்தது. சாலை விட்டு விலகிய ஏரின் கதையையும் சொன்னேன். வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப மாடு சால் மாறினதுக்கு நான் பொடியனோட கோவிச்சிருக்கன்” என்றார். மஃரிபுக்கு முன் தம்பிக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார்.

இன்றும் கணக்கு முன்னைப்போல் வருவதில்லை. கொப்பியில் எழுதிக் கூட்டுகிறார். நான் தினமும் பத்து நிமிடம் அவரோடு இருந்து பழைய கணக்குகளைச் செய்ய வைக்கிறேன். முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கிறது.

எமது ஊர்களில் நோயாளரைப் பார்க்கப் போவது ஒரு நல்ல வழக்கம். அடுத்த தடவை அதிதீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு குடும்பம் கலங்கி நிற்பதைக் கண்டால், “பைத்தியம் பிடித்துவிட்டதாமே” என்று கேட்காதீர்கள். அவருடைய கண்ணாடி எங்கே என்று கேளுங்கள். வீடு திரும்பியவரிடம் “என்ன கண்டீங்க?” என்று ஆறுதலாகக் கேட்டு, அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். எமது வீடுகளில் இன்னும் எத்தனை பேர் தங்கள் கப்பலைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கிறார்களோ தெரியாது.

நோயாளர்கள் அனைவருக்கும் வல்ல இறைவன் பூரண சுகத்தை வழங்குவானாக.